நீ சொன்னபடி செய்யவில்லை

குழித்துறை
3-8-2025

அன்புள்ள மக்கா,

ஐந்து வாரமாக உன் போனை எடுக்கவில்லை. உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று இருந்தது, அவ்வளவுதான். நீ இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்ததாக அம்மா சொன்னாள். இப்போது எல்லாம் ஒரு வழியாக முடிந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாரும் நலம். இந்த மழைக்கு அப்பாவின் முட்டுவலி கொஞ்சம் கூடுதல். வாவுபலிப் பொருட்காட்சிக்கு இந்த வருடம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிறாண்டிக்கொண்டே அலற நீ இல்லாமல் ராட்டினத்தில் ஏறி என்ன செய்ய? பெங்களூரில் உனக்கு அப்படி ஒரு ராட்டினம் கிடைத்ததா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாகர்கோவில் வேலையை விட்டது உனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி போனில் அழுததோடு சரி, ஏன் என்று ஒழுங்காகச் சொல்லவில்லை.

கணக்கு எழுதத்தான் ஆள் வேண்டும் என்று சொல்லி எடுத்தார்கள். ஜூன் 2, திங்கட்கிழமை சேர்ந்தேன். நாலாவது நாள் தலையில் ஹெட்செட்டை மாட்டி, தவணை பாக்கி வைத்தவர்களின் பட்டியலைக் கையில் தந்துவிட்டார்கள். ஆள் குறைவு, ஒரு வாரம் மட்டும் பார் என்றார் மேனேஜர். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. பட்டியலில் குளச்சல் பக்கத்து அம்மா ஒருத்தி. "மக்ளே, போட்டு கரையில கெடக்கு. தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போனதும் அடைச்சிருதேன்" என்றாள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது என்பது இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடச் சொன்னார். 24-ஆம் தேதி மூன்றாவது தடவை கூப்பிட்டபோது ஒரு சின்னப் பிள்ளை எடுத்தது. "அம்மா இல்லைன்னு சொல்லச் சொன்னா" என்று சொல்லிவிட்டு போனை வைக்கத் தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. அதன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. நான்தான் வைத்தேன். ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு வடசேரி வந்து மார்த்தாண்டம் பஸ் ஏறினேன். தக்கலை தாண்டும்போதே தெரிந்துவிட்டது, இனி அந்த நாற்காலியில் போய் உட்கார முடியாது.

அன்றைக்குத்தான் நீ சொன்னாய்: "போனை அணைச்சுப் போடு பிள்ளே. சிம்மை மாத்து. 23 நாளெல்லாம் ஒரு சோலியா? எவன் கேக்கப் போறான்?" உண்மையைச் சொல்கிறேன், கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் என் டிகிரி சான்றிதழின் ஒரிஜினல் அவர்கள் பீரோவில் இருந்தது. சரிபார்த்துவிட்டு ஒரு வாரத்தில் தருகிறோம் என்று வாங்கி வைத்தது. அது தொலைந்தால் போலீஸில் எழுதிக் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கி, திருநெல்வேலி அபிஷேகப்பட்டிக்கு அலைந்து பல்கலைக்கழகத்தில் நகல் வாங்க வேண்டும். அந்த ஒரு பயத்தில்தான் வேலை உத்தரவை எடுத்து முழுக்கப் படித்தேன். சேர்ந்த அன்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. தகுதிகாண் காலத்தில் இரண்டு தரப்பும் 15 நாள் முன்னறிவிப்பு தரலாம், இல்லையென்றால் 15 நாள் சம்பளத்தை ஈடு கட்டிவிட்டு விலகலாம் என்று மூன்றாம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. போகக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அம்மா மரச்சீனியும் மீன்கறியும் எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று இரவு 9.47-க்கு மெயில் அனுப்பினேன். நாலே வரி. இன்றோடு விலகுகிறேன், முன்னறிவிப்புக்கான 15 நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பொருட்களை ஒப்படைக்க எப்போது வரலாம், என் சான்றிதழும், வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரும் வேண்டும். காரணம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கம் போயிருக்கும், அதெல்லாம் அந்த மெயிலில் இருக்க வேண்டியது இல்லை.

மறுநாள் போன் வந்தது. 23 நாளுக்கு என்ன ரிலீவிங் லெட்டர், ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். நான் சண்டை போடவில்லை. நீங்கள் இப்போது சொன்னதை என் மெயிலுக்குப் பதிலாக எழுதி அனுப்பிவிடுங்கள் என்றேன். எழுத்தில் வந்த பதிலில் ஒரு மாதச் சம்பளப் பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை வந்து பொருட்களை ஒப்படைக்கவும் என்று மட்டும் இருந்தது.

அந்த மாடிப்படி ஏறியதுதான் கஷ்டமாக இருந்தது. பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் ஒரே ஒரு நோ டியூஸ் படிவம், அதில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அடையாள அட்டை, ஆபீஸ் சிம், ஹெட்செட் எல்லாம் திருப்பிக் கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி போட்டு வாங்கினேன். பிறகு நான் கூப்பிட்ட ஆட்களின் பட்டியலையும் கொடுத்தேன். யார் எந்தத் தேதியில் பணம் அடைப்பதாகச் சொன்னார்கள் என்று முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதியது. குளச்சல் அம்மாவின் பெயருக்கு நேரே, "ஆகஸ்ட் முதல் வாரம். அதற்கு முன் அழைக்க வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். என் இடத்துக்கு வந்த பிள்ளை அதை வாங்கிப் பார்த்தாள். இருபது வயதுகூட இருக்காது. "சரிக்கா" என்றாள். சான்றிதழ் அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. வடசேரி வரும்வரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடிதான் வந்தேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து லெட்டர் வந்தது. அதில் ஒரு வரி: "தகவலின்றிப் பணிக்கு வராமல் விலகினார்." படித்ததும் கைகால் நடுங்கிவிட்டது. 9.47 மெயிலையும் அவர்கள் பதிலையும் அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மேனேஜர் இல்லை. திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போனேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, ராஜினாமா ஏற்கப்பட்டது, இந்த மூன்று மட்டும் போதும், பாராட்டு ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் மெயிலில் இருந்த நேரத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, திருத்திக் கொடுத்தார். மக்கா, நான் போனை அணைத்துப் போட்டிருந்தால் அந்த வரி உண்மையாகியிருக்கும். என் வாயாலேயே அதை மறுக்க முடியாமல் போயிருக்கும். அதைத்தான் இத்தனை நாளாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பணம் எவ்வளவு என்று கேட்பாய். மாதம் 18,000, அப்படியென்றால் 23 நாளுக்கு 13,800. அதில் முன்னறிவிப்புக்கு 9,000, பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு 1,104 போக, கையில் 3,696. பஸ் காசுக்கே பாதி போயிருக்கும். வருத்தம் இல்லை, கையெழுத்துப் போட்டது நான்தான்.

இனி உன் விஷயம். ஓசூர் கம்பெனியை நீ விட்ட கதையை நான் மறக்கவில்லை. பி.எஃப். பணம் பெங்களூர் கணக்குக்கு மாறவே மாட்டேன் என்கிறது என்று பொங்கலுக்கு வந்தபோது புலம்பினாய், நினைவிருக்கிறதா? ஓசூர்க்காரர்கள் நீ விலகிய தேதியை ஏற்றியிருக்கமாட்டார்கள். அந்தத் தேதி இல்லாமல் பணம் நகராது. பதிவில் பார்த்தால் நீ இன்னும் ஓசூரிலும் வேலை செய்கிறாய், பெங்களூரிலும் வேலை செய்கிறாய். அடுத்த வேலைக்குப் போகும்போது அதைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் தாண்டியிருந்தால், யு.ஏ.என். என்கிற நம் பி.எஃப். எண்ணை வைத்து நுழையும் தளத்தில் நாமே விலகிய தேதியைப் போட்டுக்கொள்ளலாம். ஆதாருக்குக் கொடுத்த போன் நம்பர் உயிரோடு இருந்தால் போதும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். நீ சிம்மை மாற்றியவள் என்பதால்தான் எனக்குக் கவலை. முதலில் நம்பரைச் சரிசெய். தேதி தப்பாகிவிடக் கூடாது, அதனால் கடைசிச் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் போடு. என் 24-ஆம் தேதியை அவர்களே ஏற்றிவிட்டார்கள், வியாழக்கிழமை பார்த்தேன்.

நேற்று மார்த்தாண்டத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்வியூ. பயோடேட்டாவில் அந்த 23 நாளையும் எழுதிக் கொடுத்தேன். எழுதாதே என்றுதான் அப்பாகூடச் சொன்னார். எப்படியும் பி.எஃப். பதிவில் தெரியத்தான் போகிறது, அப்போது கேட்டால் விழிப்பதைவிட இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஏன் விட்டாய் என்று ஆடிட்டர் கேட்டார். கணக்கு வேலை என்று எடுத்து வசூல் வேலை தந்தார்கள் என்றேன். லெட்டரை வாங்கி இரண்டு தடவை படித்தார். புதன்கிழமை சொல்கிறேன் என்றார். கிடைக்குமா என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி தூக்கமே இல்லை.

கடலுக்குப் படகு போய் மூன்று நாள் ஆகிறது. அந்த அம்மாவின் நம்பர் எனக்கு மனப்பாடம். ஆனால் எந்த உரிமையில் கூப்பிட? அந்தச் சிவப்பு வரியை அந்தப் பிள்ளை பார்த்து நடந்துகொண்டாளா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ஓணத்துக்கு லீவு போட்டு வா. வரும்போது ஓசூர் சம்பளச் சீட்டை எடுத்துவா, திண்ணையில் உட்கார்ந்து நானே போட்டுத் தருகிறேன். இனி போன் பண்ணு, எடுப்பேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரி