நேர்கோடு சொன்ன பொய்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனி நம் எழுத்துப் பிழைகளை அவரே கண்டுபிடிப்பார். எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான் புதுச் செய்தி.

“சாயத் தண்ணீரை வடிகட்டக் கால்குலஸ் எதற்கடா?” என்று கேட்டிருந்தாய். கணக்கு வாத்தியார் கேட்கிற கேள்வியா இது? போன டிசம்பரில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன், கேள்.

எங்கள் சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில், உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வுக்கு முன்னால், ஒரு நுண்வடி மெம்பரேன், அதாவது நுண்துளைச் சவ்வு, இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் பின்னால் எல்லாமே திணறும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பதுதான் இங்கே சட்டம். நொய்யல் ஆற்றுத் தண்ணீர் பாய்ந்து உப்புப் பூத்த உங்கள் அப்பாவின் காட்டைப் பார்த்தவன் நான். அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அடைப்பு எப்படி நேர்கிறது என்று அறிய, தகரக் கொட்டகையில் ஒரு சின்னக் கலத்தில் மெம்பரேன் துண்டை வைத்து, அழுத்தத்தை மாற்றாமல், வடிந்த நீரை அளந்தேன். ஹெர்மியா என்பவர் 1982இல் நான்கு விதமான அடைப்புகளை ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். துகள் துளைக்கு மூடி போடலாம். மூடியும் மூடாமலும் ஒன்றன்மேல் ஒன்று விழலாம். துளையின் உட்சுவரில் ஒட்டி அதைக் குறுக்கலாம். மேலே அடைபோலப் படியலாம். கடைசி வகை உன் வீட்டுக் காபி பில்டரில் தினமும் நடக்கிறது. தூளை மாவாக அரைத்துவிட்டால் டிகாக்‌ஷன் இறங்குவதில்லையே, அதற்கு ஓட்டை காரணமல்ல, தூள் படுகைதான். துகளின் அளவு பாதியானால் தடை நான்கு மடங்காகும்.

நேரத்தை வடிந்த நீரின் கனஅளவால் வகுத்து, அதைக் கனஅளவுக்கு எதிராக வரைந்தேன். அடை படிந்தால் இந்த வரைபடம் நேராக வரும். ஸ்கேல் வைத்ததுபோல் நேர்கோடு. அடைதான் என்று தீர்ப்பெழுதி, பேக்வாஷை, அதாவது நீரை எதிர்த்திசையில் பீய்ச்சிக் கழுவுவதை, இரட்டிப்பாக்கச் சொன்னேன். ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் தொடக்க அழுத்தம் முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது. மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகுதான் உறைத்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய சோதனை, பகல் ஒரு மணி வரை தகரத்தடியில் ஓடியது. நீர் 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடேறினால் அதன் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்குக் காட்டும் பிசுக்கு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். தண்ணீர் இளகி ஓடியதை, அடைப்பு மெதுவாகிறது என்று படித்திருக்கிறேன்! 1856இல் டிஜோன் நகரில் மணல் வழியே நீர் இறங்குவதை அளந்தாரே பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி, அவர் விதியின் இன்றைய வடிவில் அந்தப் பாகுநிலை கண்ணெதிரே நிற்கிறது. நான்தான் மாறிலி என்று ஒதுக்கிவிட்டேன்.

உன் கால்குலஸ் வருகிற இடம் இதுதான். ஒவ்வொரு நொடியையும் அந்த நொடியின் பாகுநிலையால் வகுத்துத் தொகையிட்டு, கடிகார நேரத்துக்குப் பதில் அதை வைத்தேன். இந்த முறை உட்சுவர் ஒட்டுக்குரிய வரைபடம்தான் நேராக வந்தது. அதிலும் செங்குத்து அச்சு அதே வகுத்தல்தான்; கிடை அச்சில் மட்டும் கனஅளவுக்குப் பதில் நேரம். ஓட்டம் அதிகம் குறையாதவரை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் வளர்வதால், எதை வரைந்தாலும் நேராகத்தான் தெரியும். வகுப்பில் இதைச் சொல்லிப் பார், பயல்கள் முழிப்பார்கள்.

துளைக்குள் ஒட்டியதைப் பேக்வாஷ் பெயர்க்காது. ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கரைசலில் ஊறவைத்தோம், அழுத்தம் இறங்கியது. (அதே ஹைப்போ பின்னால் இருக்கும் ஆர்.ஓ. மெம்பரேனுக்கு விஷம். அதனால் அலசி முடிக்கும்வரை யாரையும் வால்வைத் தொட விடவில்லை.)

ஒரு உதவி வேண்டும். நிலையத்தில் மாறாதது ஓட்டம், ஏறுவது அழுத்தம். அதற்கேற்ப அந்தச் சமன்பாட்டைத் திருப்பி எழுதியிருக்கிறேன், தனித்தாளில் இணைத்துள்ளேன். மூன்றாவது வரியில் குறி தப்பியிருக்கிறதோ என்று சந்தேகம். சிவப்பு மையிலேயே திருத்து, பழக்கம்தானே. தைப்பொங்கலுக்கு வரும்போது மஞ்சள் கொண்டுவர மறக்காதே.

உன்,
ராஜு