நம் நூற்பட்டியல் வெளியே போகிறது

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? பெண் பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டாள், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோம்.

உங்கள் கல்லூரி நூலகத்திலும் கோஹா என்ற இலவச நூலக மென்பொருளைப் போடப்போவதாகச் சொன்னாயே, அதற்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எங்கள் சர்வர் ஓடத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. 11,400 புத்தகப் பதிவுகள். கேட்கிற எந்த நூலகத்துக்கும் அவற்றை எக்ஸ்எம்எல்லாக, அதாவது வேறு கணினிகளும் படிக்கிற குறியிட்ட உரையாக, எடுத்துக் கொடுக்கிறது.

நிறுவுவது பெரிய வேலையே இல்லை. உபுண்டு இயங்குதளம், மரியாடிபி தரவுத்தள மென்பொருள், அப்பாச்சி வெப் சர்வர், கோஹா பேக்கேஜ் என்று வரிசையாகப் போட்டுவிட்டு, ஒரு கட்டளையில் நூலகத்துக்கான தரவுத்தளத்தை உருவாக்கிவிடலாம். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். 1999இல் நியூசிலாந்தின் ஹொரொவெனுவா நூலகங்களுக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. லைசென்ஸ் கட்டணத்துக்காக நாம் எத்தனை படி ஏறி இறங்கியிருப்போம்! அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

நிர்வாகப் பக்கத்தில் வெப் சர்வீசஸ் பகுதிக்குப் போனால் ஓஏஐ-பிஎம்எச் என்று, நூலகங்கள் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைக்கான ஓர் அமைப்பு இருக்கும். அதை இயக்குவதற்கு முன்னால் ஆர்க்கைவ் ஐடியை மாற்றிவிடு. அதில் கோஹா-ஓஏஐ-டெஸ்ட் என்றுதான் முதலில் இருக்கும். ஒவ்வொரு பதிவின் அடையாளமும் அந்தப் பெயரோடு சேர்ந்துதான் வெளியே போகிறது. யாராவது திரட்டிக்கொண்ட பிறகு மாற்றினால், அவர்கள் கணக்கில் எல்லாமே புதுப் பதிவு. ஒரே புத்தகம் இரண்டிரண்டாக நிற்கும்.

ஒரு தடவைக்கு 50 பதிவுதான் தரும். கடைசியில் ஒரு டோக்கன் வரும், அதைக் காட்டினால் அடுத்த 50. எங்களுக்கு 228 சுற்று. முதல் நாள் 37ஆவது சுற்றில் எல்லாம் நின்றுபோனது. மாலை வரை தேடினேன். ஒரு முன்னுரைச் சுருக்கத்தைப் பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டியபோது, கண்ணுக்கே தெரியாத ஒரு பக்கமுறிவுக் குறி உள்ளே வந்திருக்கிறது. எக்ஸ்எம்எல்லில் அதற்கு இடமே கிடையாது. அந்த ஒரு குறியால் அந்த 50 பதிவையும் சேர்த்து எதிர்முனை தள்ளிவிட்டது.

அந்தத் தவறாவது தானே கத்திக் காட்டிக்கொடுத்தது. பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளையே திரையில் தமிழாகக் காட்டும் பழைய எழுத்துரு) அடித்த பழைய பதிவுகள் சத்தமே போடாமல் வெளியே போய்விட்டன. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எக்ஸ்எம்எல்லுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. வாங்கிக்கொண்ட நூலகத்தில் தமிழில் தேடுகிறவருக்குத்தான் அந்தப் புத்தகம் இல்லவே இல்லை. மொழி தமிழ் என்று குறித்திருந்து, தலைப்பில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லாதவற்றைக் கேட்டு ஒரு ரிப்போர்ட் எழுதினேன். 612 வந்தன. யூனிகோடுக்கு மாற்றியபின், அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம், நானும் உதவியாளரும். ஒன்பது நாள் ஆனது. பழைய ஊர் வரலாறு ஒன்றின் தலைப்பு, புள்ளி ஒன்றுகூடச் சிதறாமல் எக்ஸ்எம்எல்லின் டைட்டில் குறிகளுக்கு நடுவே முழுசாக வந்து நின்றபோது, அவர் எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தார்.

நேரத்தையும் கவனி. இந்த நெறிமுறையில் தேதி, மணியெல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான். நம் காலை பத்து மணி அங்கே நான்கரை. நேற்றிலிருந்து மாறியவற்றை மட்டும் கேட்கிறவர்களுக்கு இது முக்கியம்.

உங்கள் பதிவுகளும் நம் காலத்தில் அடித்தவைதானே? சர்வர் வாங்கும் முன் பழைய தமிழ்ப் பதிவுகளில் ஓர் ஐம்பதை எனக்கு அனுப்பு. எந்த எழுத்துரு என்று பார்த்துச் சொல்கிறேன். மாற்றுவதற்கு எழுதிய நிரலையும் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்