தட்டச்சுப் பயிலக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும் வணக்கம்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் என்று எங்கே போனாலும் லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வு முடித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலம் அடித்தால் விசைகளைக் குனிந்தே பார்க்க மாட்டார்கள். அது நீங்கள் போட்ட அடித்தளம். ஆனால் அதே பிள்ளைகள் கம்ப்யூட்டரில் அடித்து அச்சுக்குத் தயார்செய்யும் எங்களைப் போன்ற டி.டி.பி. கடைகளுக்கு வேலைக்கு வந்து கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கும்போது, ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டு, திரையில் வரும் சொற்களில் ஒன்றைப் பொறுக்குகிறார்கள். நம்ம ஊர் குழித்துறை ‘குளித்துறை’ ஆகிவிடுகிறது. கல்யாணக் கார்டில் அப்படி வந்தால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா?

தமிழ் 99 விசைப்பலகையையும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு. வ, ங தவிர்த்து மெய்கள் வலது கைக்கு. நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. விரல்கள் நிற்கும் இடம் நீங்கள் முதல் நாள் ‘ஏ எஸ் டி எஃப்’ அடிக்க வைக்கும் அதே இடம்தான்.

குழித்துறையையே அடித்துப் பாருங்கள்: க, உ, ழ, இ, த, த, உ, ற, ஐ. மொத்தம் 9 தட்டல். த-வை இரண்டு தடவை தட்டினால் முதல் த-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படித்தான். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே ஓர் அ போட வேண்டும்; ‘மமதை’ அடிக்க ம, அ, ம, த, ஐ. அப்படிப்பட்ட சொற்கள் நம் மொழியில் குறைவு.

குறை இல்லாமலும் இல்லை. ண, ச, ஞ, ந, ய, ழ ஆறும் வலது சுண்டுவிரலின் தலையில். அந்த விரல் பாவம். அப்புறம், பழைய தட்டச்சுப் பொறியில் ‘கோ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். இங்கே க, ஓ, அவ்வளவுதான். பொறியில் ஊறிய கை கொஞ்ச நாள் தடுமாறத்தான் செய்யும். அதனால் தேர்வுக்குத் தயாராகிறவர்களைக் கலைக்காதீர்கள். தேர்வு எழுதி முடித்தவர்களுக்கும், தமிழ்த் தட்டச்சே தொடாத புதியவர்களுக்கும் சாயங்காலம் ஒரு பேட்ச் போதும்.

செலவும் பெரிதாக இல்லை. இப்போதைய விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்புக்குள் போய்ச் சேர்த்துக்கொண்டால் சரி. விசைகளின் மேல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீர்கள், கண் கீழேயே கிடக்கும். பெரிய தாளில் படம் அச்சடித்துக் கண்ணுக்கு நேரே சுவரில் மாட்டுங்கள். பயிற்சி வரிகளுக்கு ஆரல்வாய்மொழி, கிள்ளியூர், விளவங்கோடு, திருவட்டாறு என்று நம் ஊர்ப் பெயர்களையே கொடுக்கலாம். ல, ள, ழ, ர, ற எல்லாம் அதில் வந்துவிடும்.

கம்ப்யூட்டரில் சேர்த்துத் தர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். மார்த்தாண்டம் பக்கத்துக் கடைக்காரர்கள் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். கூலி வேண்டாம், ஒரு சாயா போதும்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்து டி.டி.பி. கடைக்காரன்