சிறுவர் வரலாற்று நூல் பதிப்பாளர்களுக்கு: ஃபூ ஹாவை எழுதுங்கள்

அன்பார்ந்த பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். என் எட்டு வயது மகளுக்குத் தினமும் இரவில் வாசித்துக் காட்டுகிறேன். சீன வீராங்கனை என்றால் எந்த நூலிலும் முலான்தான். "நிஜமாவே இருந்தாங்களாம்மா?" என்று கேட்டாள். கதைப்பாடலில் வருபவர், இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது.

சான்றோடு ஒருவர் இருக்கிறார். ஃபூ ஹாவ், சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் சீனாவை ஆண்ட ஷாங் வம்ச மன்னர் வூ டிங்கின் மனைவியரில் ஒருவர். அன்று ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் சூடு வைத்து, விழும் விரிசலைப் பார்த்துக் குறி கேட்பார்கள். கேட்டதை அதிலேயே பொறித்தும் வைப்பார்கள். ஃபூ ஹாவின் 3,000 பேரோடு 10,000 பேரைச் சேர்த்துச் சியாங் மக்கள்மீது படையெடுக்கலாமா என்று ஒரு குறி. இன்னொன்று அவருடைய பிரசவம் பற்றியது. முப்பத்தொரு நாள் கழித்துக் குழந்தை பிறந்தது. "நல்லதல்ல, பெண்" என்று பொறித்திருக்கிறார்கள். படையை நம்பி ஒப்படைத்தவர்கள், அவர் பெற்ற மகளைப் பற்றி எழுதியது இது. என் மகள் பிறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் உறவுக்காரர் ஒருவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

அவருடைய கல்லறையை 1976இல் சீனாவின் ஆன்யாங் நகரில் கண்டெடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு பெண், செங் சென்சியாங். ஏழரை மீட்டர் ஆழத்தில், கொள்ளையர் கை படாமல் கிடந்தது. 468 வெண்கலப் பொருட்கள், 755 பச்சைக்கல் (ஜேட்) பொருட்கள், ஆயிரக்கணக்கான சோழிகள். அவற்றுள் ஒரு போர்க்கோடரி, ஏறக்குறைய 9 கிலோ. இரு புலிகள் வாய் பிளந்து நிற்க, நடுவில் ஒரு மனிதத் தலை. கூடவே ஃபூ ஹாவ் என்ற பெயர். படையை ஏவும் அதிகாரத்தின் அடையாளம் அது.

பலியிடப்பட்ட 16 பேரும் அவரோடு கிடந்தார்கள். அதையும் மறைக்காமல் எழுதுங்கள். குழந்தைகள் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.

முலானை எடுத்துவிடச் சொல்லவில்லை. எதிர்ப் பக்கத்தில் அந்தக் கோடரியின் படத்தைப் போடுங்கள், கீழே செங் சென்சியாங்கின் பெயரோடு. அச்சானதும் முதல் பிரதியை நானே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு தாய்