நல்ல நாளிலும் அதே 8 நிமிடம்

அன்புள்ள மகளுக்கு,

இடுப்பு வலி நான்கு மாதமாகியும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். 3 மாதம் தாண்டினாலே அது நாள்பட்ட வலிதான் மா. ஸ்கேனில் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற தட்டு, பிதுங்கியிருக்கிறது என்று வந்ததை நினைத்துக் கலங்காதே. வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் நிறையப் பேருக்கு அது தெரியும். வலி நீடிக்க நீடிக்க நரம்புகள் கூச்சம் கண்டுவிடும், சின்ன அசைவுக்கும் பெரிதாக வலிக்கும். அதற்காக உள்ளே ஏதோ கிழிகிறது என்று பயப்படாதே.

வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறாய். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. உன்னைத் தேறவிடாமல் வைத்திருப்பது இதுதான். வலி கூடாமல் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்று மூன்று நாள் குறித்துவை. சராசரி 10 நிமிடம் வந்தால் 8 நிமிடத்தில் ஆரம்பி. உடம்பு லேசாக இருந்தாலும் 8, கனத்தாலும் 8. வாரம் ஒரு நிமிடம் கூட்டு. லேசான நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம், அங்கேதான் பிடிவாதம் வேண்டும்.

அதோடு நாற்காலிப் பயிற்சி. ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துவைத்து, மார்பை முன்னால் சாய்த்து, கை ஊன்றாமல் எழு. உட்காரும்போது மூன்று எண்ணியபடி மெல்ல இறங்கு. தொப்பென்று விழுந்தால் தொடைக்கு வேலையே இருக்காது. மூச்சை அடக்காதே. 8 முறை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எழ முடியாவிட்டால் கெட்டியான தலையணை போட்டு உயர்த்திக்கொள். பயிற்சி செய்யும்போது வலி, தாங்கவே முடியாததைப் பத்து என்று வைத்தால், நாலு வரை ஏறினால் பரவாயில்லை. மறுநாளும் தணியாவிட்டால் 6 முறையாகக் குறை, அடியோடு விட்டுவிடாதே.

ஒத்தடம் 15 நிமிடம் போதும், வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக்கொள். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் நீயாகத் தொடராதே. வயிறும் சிறுநீரகமும் கெடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. உட்காரும் இடமோ தொடைகளின் உட்புறமோ மரத்துப்போனாலும், சிறுநீர் வராமல் நின்றாலும், தெரியாமல் போய்விட்டாலும், நடக்கையில் பாதம் தொங்கினாலும் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போ. காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டு.

அடுத்த கடிதத்தில் எத்தனை நிமிடம் நடக்கிறாய் என்று எழுது மா.

அம்மா