எம்டனின் ஸ்பிரிங்

தண்டையார்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். நாங்கள் நலம். அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. இதெல்லாம் போனில் தினமும் பேசுகிற சேதிதான். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் பேப்பர் எடுத்தேன்.

போன மாதம் ரயிலில் போகும்போது ஒரு ஸ்டேஷன் பலகையைப் படம் பிடித்து அனுப்பினாய். 'ராஷ்டாட்' என்று போட்டிருந்தது. "எம்டன் பிறந்த ஊர் இதுதானே நைனா?" என்று கீழே கேட்டிருந்தாய். ஆமாம், அதே ஊர்தான். ஜெர்மனியில் இருக்கிற அந்த ஊரில்தான் மேயர், கிராமல்ஷ்பாகர் என்ற இரண்டு பேர் 1890இல் துப்பாக்கிக் கம்பெனி தொடங்கினார்கள். அவர்கள் செய்த டயானா 27 என்கிற ஏர் ரைஃபிள்தான் நம் வீட்டு எம்டன். பதினேழு வருஷத்தில் அதைப் பற்றி நீ வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. படத்தைப் பார்த்த அன்றைக்கே பரணில் ஏறினேன்.

தாத்தா ஹார்பரில் விஞ்ச் ஓட்டிய காலத்தில் மூர் மார்க்கெட்டில் பழைய சாமானாக வாங்கியது. 1985இல் மார்க்கெட் எரிந்தபோது, "இது அங்கே கிடந்திருந்தால் சாம்பலாகியிருக்கும்" என்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எம்டன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 1914 செப்டம்பரில் அந்த ஜெர்மன் கப்பல் ஹார்பர் பக்கத்து எண்ணெய் டாங்கிகளைச் சுட்டதை அவருடைய அப்பா கண்ணால் பார்த்தவர். அதனால் ஜெர்மன் சாமான் எது வந்தாலும் நம் வீட்டில் அது எம்டன்தான்.

உப்புக் காற்றைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டில் ஜன்னல் கம்பியே ஐந்து வருஷம் தாங்காது. கோணியைப் பிரித்தபோது குழல் முழுக்கச் செங்கல் நிறத்தில் இருந்தது. பட்டறைக்கு எடுத்துப்போய் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, பூப்போன்ற இரும்புப் பஞ்சால் விரல் அகலம் விரல் அகலமாகத் தேய்த்தேன். பத்து நாள் சாயங்காலம் அதற்கே போனது. பாலிஷ் வீலில் கொடுத்திருந்தால் அரை மணி வேலை. ஆனால் பழைய நீலக் கறுப்பும் கூடவே போயிருக்கும், சிலிண்டர் மேலே குத்தியிருக்கிற அந்த அம்மாவும் போயிருப்பாள். ஞாபகம் இருக்கிறதா, துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வில்லைக் கீழே போட்டுவிட்டு நிற்கிற தேவதை? "ஏன் நைனா வில்லைத் தூக்கிப் போட்டுட்டா?" என்று சின்னதில் நூறு தடவை கேட்டிருப்பாய். அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள். பின்பக்கம் 09, 64 என்று மாதமும் வருஷமும் தெரிகிறது. குழியாக அரித்த இடங்களை அப்படியே விட்டுவிட்டேன். அது இந்தத் துப்பாக்கி வாழ்ந்த கணக்கு. அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. பீச் மரக் கட்டையையும் உப்புத்தாளால் தேய்க்கவில்லை. துணியால் அழுக்கெடுத்து, ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து ஏற்றினேன்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

இந்த மாதிரித் துப்பாக்கியின் உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், பிஸ்டன் முனையில் ஒரு தோல் வாஷர். நம் சைக்கிள் பம்பு போலத்தான். குழலை மடக்கினால் ஸ்பிரிங் அமுங்கும். விசையைத் தொட்டால் பிஸ்டன் பாய்ந்து முன்னால் இருக்கிற காற்றை நெருக்கி, சின்ன ஓட்டை வழியாகப் பெல்லட் என்கிற ஈயக் குண்டின் முதுகில் தள்ளும். பெல்லட் குழலை அடைத்துக்கொண்டு இருப்பதால்தான் அந்தக் காற்று மெத்தை மாதிரி பிஸ்டனைத் தாங்குகிறது. பெல்லட் இல்லாமல் சுட்டால் மெத்தை இல்லை, பிஸ்டன் சிலிண்டர் முகத்தில் போய் மோதும். அப்படியே சுட்டுக்கொண்டிருந்தால் ஸ்பிரிங் உடையும். இது தெரிந்ததால்தான் அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

2008 ஆகஸ்ட். பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கிய வாரம். கடைசிக் குண்டு 10.8 என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். உனக்குப் பதிமூன்று வயது. நான் பட்டறையில் இருந்தேன். நீ எம்டனை எடுத்து, காலண்டரைக் குறிபார்த்து, பெல்லட் இல்லாமல் சுட்டுப் பழகியிருக்கிறாய். போட்டிக்காரர்கள் வெறும் துப்பாக்கியில் பழகுவதை டிவியில் காட்டியிருப்பார்கள். அவர்களுடைய துப்பாக்கி அதற்குத் தகுந்தது, நம்முடையது அப்படி இல்லை. நான் வரும்போது 'டங்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வெறும் மூச்சுதான் வந்தது. தாத்தா போய் நாலு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்டீல் ஸ்கேலால் உன் கையில் இரண்டு அடி வைத்தேன். "எங்கப்பா வைச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான், அதையும் ஒடைச்சிட்ட" என்றேன். நீ அழவில்லை. அதற்குப் பிறகு சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டாய். திருவொற்றியூர்த் திருவிழாவில் பத்துக்கு ஒன்பது பலூன் உடைக்கிற பிள்ளை, அந்தக் கடைப் பக்கமே திரும்பாமல் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனாய். இதையெல்லாம் அப்போதே பார்த்தேன் பாப்பா. பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்தேன். பின்பக்கம் இருக்கிற இரண்டு ஆணிகளைக் கழற்றினால் ஸ்பிரிங் முகத்துக்குப் பாயும். அதனால் லேத்தில் சக்குக்கும் டெயில்ஸ்டாக்குக்கும் நடுவே சிலிண்டரை வைத்து, நூல் நூலாகத் தளர்த்தினேன். ஸ்பிரிங் மூன்று துண்டாக வந்தது. இதைத்தானே எதிர்பார்த்தேன் என்று துணியில் துடைத்தேன். துடைத்தபோது கை நின்றுவிட்டது.

நாற்பது வருஷமாக இரும்போடு இருக்கிறேன். இரும்பு புதிதாக உடைந்தால் உடைந்த முகம் சாம்பல் நிறமாக, கற்கண்டை உடைத்தது மாதிரிப் பொடிப்பொடியாக மினுங்கும், ஓரம் விரலைக் கிழிக்கும். இந்த நாலு முனையும் அப்படி இல்லை. ஓரமே இல்லாமல் வழவழவென்று கண்ணாடி மாதிரி தேய்ந்திருந்தன. ஒரு துண்டின் முனை அடுத்த துண்டின் சுற்றுக்குள் திருகு மாதிரி ஏறி உட்கார்ந்திருந்தது. சிலிண்டர் உள்ளேயும் அந்த முனைகள் உரசிய கோடு ஆழமாக விழுந்திருந்தது. உடைந்த ஸ்பிரிங் ஒன்றுக்குள் ஒன்று ஏறிக்கொண்டால் துப்பாக்கி தொடர்ந்து சுடும், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் இந்த அளவுக்குத் தேய ஆயிரக்கணக்கில் சுட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அப்புறம் அதை யாரும் ஒரு தடவைகூடச் சுடவில்லை. அப்படியென்றால் அந்த ஸ்பிரிங் நீ தொடுவதற்குப் பல வருஷம் முன்னாடியே உடைந்துவிட்டது. தாத்தா கையிலோ என் கையிலோ உடைந்திருக்கும்.

அந்த 'டங்' என்ன என்பதும் தெரிந்துவிட்டது. தோல் வாஷர் அப்பளம் மாதிரி காய்ந்து நொறுங்கியிருந்தது, அதைப் பிடித்திருந்த திருகு தனியாகக் கிடந்தது. தோல் காயாமல் இருக்க எண்ணெய் வேண்டும். தாத்தா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த ஓட்டையில் இரண்டு சொட்டு விடுவார். அவருக்குப் பிறகு நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன், எண்ணெய் விடவில்லை. அது என் வேலை, நான் செய்யவில்லை. அடி உனக்கு விழுந்தது.

தப்பு என்னுடையது பாப்பா. நீதான் உடைத்திருந்தாலும் அடித்தது தப்புதான். நீ உடைக்கவும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு எதுக்குச் சொல்றீங்க, அவளுக்கு எழுதுங்க" என்றாள்.

அப்புறம் முழுதாகச் சரிசெய்தேன். பெரியமேட்டில் தடித் தோல் வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, கடைந்து வைத்த அச்சில் அழுத்திக் கிண்ணம் மாதிரி ஆக்கினேன். காய்ந்ததும் ஓரத்தை லேத்திலேயே வெட்டினேன். பிறகு மாட்டுக் கால் எலும்பிலிருந்து காய்ச்சி எடுக்கிற எண்ணெயில் இரண்டு நாள் ஊறவிட்டேன். வண்டி எண்ணெய் ஆகாது, அமுங்குகிற காற்றின் சூட்டில் டீசல் எஞ்சின் மாதிரி உள்ளே பற்றிக்கொள்ளும். ஸ்பிரிங்கை 3 மில்லி பியானோ கம்பியில் நானே சுற்றினேன். முதலில் சுற்றியது வளைந்துவிட்டது, இரண்டாவதுதான் நேராக வந்தது. விசைக்குள் பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவது மூன்று சின்ன எஃகுக் குண்டுகள். கிரீஸ் தடவி ஒட்டவைத்து உள்ளே தள்ளினால் ஒன்று உருண்டு மேஜைக்கு அடியில் போய்விடும். உன் விரல் இருந்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும்.

இன்று பட்டறையை மூடிவிட்டு, ஷட்டரிலிருந்து 10 மீட்டர் அளந்து, கந்தல் துணி திணித்த கோணியை இரும்புத் தகட்டின் முன்னால் வைத்துச் சுட்டேன். ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன. இந்தத் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பெல்லட் வெளியே போவதற்குள் அது பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை ஆடிவிடும். இடது உள்ளங்கையில் சும்மா கிடத்தினால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடும். சின்னதில் நீ தானாகவே அப்படித்தான் பிடிப்பாய், யாரும் சொல்லித்தரவில்லை.

போலீஸ் வருமா என்று அம்மா கேட்டாள், நீயும் கேட்பாய். 2016 ஆயுத விதிப்படி குழலின் உள் ஓட்டை 4.5 மில்லியைத் தாண்டினாலோ சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டினாலோதான் லைசென்ஸ் வேண்டும். நம்முடையது 4.5 மில்லி, சக்தி 10 ஜூல் அளவைத் தாண்டாது.

மார்கழியில் வருகிறேன் என்றாய். பெல்லட் டப்பா இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். பழைய ஸ்பிரிங்கை எறியவில்லை, மூன்று துண்டையும் காகிதத்தில் சுற்றி என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். வந்ததும் அந்த முனைகளை நீயே விரலால் தடவிப் பார்.

நைனா