பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். முதலிலேயே என் தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மினிமம் மெட்டீரியல் தயாரித்தவர்களில் நானும் ஒருவன்.

அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ப்ளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு 35 எடுத்தால் பாஸ். அகமதிப்பீட்டில் 10 வந்துவிடும், மிச்சம் 25. வினாத்தாளில் ஒன் மார்க் மட்டுமே 20. ஆகவே புத்தகத்தில் பாடத்துக்குப் பின்னால் இருக்கும் ஒன் மார்க்குகளை மனப்பாடம் செய்ய வைத்து, அணிகளில் இரண்டு கணக்கு, கலப்பெண்களில் ஒன்று என்று பொறுக்கி, ஜெராக்ஸ் போட்டுக் கையில் கொடுத்துவிடுவோம். பிள்ளை பாஸாகிவிடும், பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி கிடைத்துவிடும். ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் தலைகுனிய வேண்டியிருக்காது.

என்னிடம் படித்த ஒரு பையன், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தான். அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். முதல் செமஸ்டரில் ஒருநாள் ராத்திரி விடுதியிலிருந்து போன் செய்தான். "சார், நீங்க எல்லைனு ஒரு பாடம் நடத்துனீங்களே, அதுதான் இங்க லிமிட்டா?"

ஆமாம்டா என்றேன். அதற்குமேல் பேச எனக்கு நா எழவில்லை. அந்தப் பாடம் ப்ளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. அதை நான் இரண்டே நாளில் ஓட்டிவிட்டேன். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இங்கிலீஷ் வார்த்தை புதிதாக இருப்பது பெரிய விஷயமில்லை, ஒரு மாதத்தில் பழகிவிடும். வார்த்தைக்கு அடியில் இருக்க வேண்டிய கணக்கே அவனிடம் இல்லை, அதுதான் விஷயம்.

2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் 7.5 சதவீதம் வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் உண்டு. பொறியியலில் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம்கூட அரசே கட்டுகிறது. கதவைத் திறந்துவிட்டீர்கள். ஆனால் உள்ளே போய் நிற்பதற்கான தயாரிப்பு நம் பள்ளிகளில் இன்னும் வரவில்லை.

நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைக்கும் மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றனவே என்பீர்கள். 38 மாவட்டங்களிலும் இருக்கின்றன, அங்கிருந்து ஐ.ஐ.டி.க்கும் பிள்ளைகள் போகிறார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் என் வகுப்பிலிருந்து நன்றாகப் படிக்கிற இரண்டு பேர் அங்கே போன மறுநாள், மிச்சமிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தவன் நான். "அப்ப நாங்கல்லாம் மினிமம் மெட்டீரியல்தானா சார்?" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். சந்தேகம் கேட்கிற இருவர் போய்விட்டால் வகுப்பில் சந்தேகமே எழாமல் போகிறது. இதைப் பாடம் நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஜெய்மி எஸ்கலாந்தே என்ற பொலிவிய வாத்தியாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்ட் பள்ளியில், மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரித் தரத்தில் நுண்கணிதம் நடத்தியவர். 1982-இல் அதற்கான பரீட்சையில் அவருடைய 18 பேரும் தேறியபோது, காப்பி அடித்திருப்பார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். திரும்பப் பரீட்சை எழுதிய 12 பேரும் மறுபடி தேறினார்கள். கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அவர் அந்தப் பள்ளிக்கு வந்தது 1974-இல். கீழ் வகுப்புகளில் இயற்கணிதத்தைப் பலப்படுத்தி, கோடை விடுமுறையிலும் பாடம் நடத்தி, அந்த 18 பேருக்கு வந்துசேர எட்டு வருஷம் ஆனது. 1987-இல் அங்கே தேறியவர்கள் எழுபதுக்கும் மேல். 1991-இல் அவர் விலகினார், அப்புறம் அந்த எண்ணிக்கை சரிந்தது. ஒரு நல்ல வாத்தியாரின் தோளில் எல்லாவற்றையும் ஏற்றினால் அவரோடு அதுவும் போய்விடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நம்மூரிலும் சனிக்கிழமை வீட்டுக்குப் போகாமல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுக்கு மாறுதல் வந்தால் என்ன ஆகும்?

அதனால் நான் கேட்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து, பள்ளி முழுவதற்கும். ப்ளஸ் ஒன்னில் வந்து நின்றுகொண்டு பின்னத்தையும் காரணிப்படுத்தலையும் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரமிருந்ததில்லை. பின்தங்கியவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தினமும் ஒரு பீரியட் தனியாக வேண்டும். அதைப் பி.இ.டி. பீரியடிலிருந்து பிடுங்காமல் தர வேண்டும். மாதிரிப் பள்ளியில் கொடுக்கும் பயிற்சித் தாள்கள் எல்லாப் பள்ளிக்கும் வரட்டும். முதுகலை கணக்கு ஆசிரியர் இல்லை என்பதற்காக எந்த ஊரிலும் கணக்கும் அறிவியலும் சேர்ந்த முதல் குரூப்பை மூடக் கூடாது.

இன்னொரு பயமும் இருக்கிறது. தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே தாண்டிப்போகின்றன என்றுதான் 2017-18-இல் அதற்குப் பொதுத்தேர்வு வந்தது. இப்போது 2025-26 முதல் அது இல்லை. மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீட், ஜே.இ.இ. இரண்டிலும் ப்ளஸ் ஒன் பாடம் கணிசமாக வருகிறது. பரீட்சை இல்லாத பாடத்துக்கு நாங்கள் எத்தனை நாள் ஒதுக்குவோம் என்று என் இரண்டு நாள் கதையிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போன பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் போகிறது. யார் எந்தக் கல்லூரியில் இருக்கிறார், யார் நின்றுவிட்டார் என்பதெல்லாம் அரசின் கையில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பள்ளிவாரியாகப் பிரித்து, ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி சதவீதம் கேட்பதற்கு முன்னால் மேசையில் வையுங்கள். "உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாம் வருஷத்துக்குப் போயிருக்கிறார்கள்?" என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்தே ஆரம்பித்தாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை கணித ஆசிரியர் ஒருவர்